மலையடிவாரத்திலிருந்து ஆறாம் வகுப்புக்கு

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இரண்டு இடங்களில் மாறுகிறது. ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறில் சேருவது முதல் மாற்றம். எட்டு முடித்து ஒன்பதுக்குப் போவது அடுத்தது. தொடக்கப் பள்ளி ஐந்தோடு முடிகிறது. நடுநிலைப் பள்ளி எட்டு வரை. உயர்நிலைப் பள்ளி பத்து வரை. மேல்நிலைப் பள்ளி பன்னிரண்டு வரை. அரசுக் கணக்கில் இடைநிலைக் கல்வி ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிறது. ஆனால், ஊர்ப் பள்ளியில் ஐந்து வரை மட்டுமே உள்ள கிராமத்தில், பத்து வயது முடிந்த பிள்ளை பை மாட்டிக்கொண்டு வெளியூர் பேருந்து ஏறும் நாளில்தான் உண்மையான மாற்றம் நடக்கிறது. அதற்குப் பிள்ளையையும் பெற்றோரையும் ஆயத்தப்படுத்தும் வேலை ஜூன் மாதம் தொடங்குவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டும்.

தேனி மாவட்டத்தின் மயிலாடும்பாறை சுற்றுவட்டாரத்தில் இதன் முழுக் கனமும் தெரியும். கடமலைக்குண்டு–மயிலாடும்பாறை ஒன்றியத்தைப் பேச்சில் கடமலை–மயிலை ஒன்றியம் என்பார்கள். மொத்தம் 18 ஊராட்சிகள். மேகமலைக்கும் வருசநாட்டு மலைகளுக்கும் நடுவே மூல வைகை இறங்கிவரும் பள்ளத்தாக்கு இது. கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று பெரிய ஊர்கள் ஒரே சாலையில் வரிசையாக அமைந்திருக்கின்றன. அதற்கு மேலே தும்மக்குண்டு, வாலிப்பாறை, காந்திகிராமம், அரசரடி, மஞ்சனூத்து என மலைக்குள் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் இந்த மலைகளையும் உள்ளடக்கியது. வகுப்பு உயர உயரப் பிள்ளைகள் மலையிலிருந்து சாலையோர ஊர்களை நோக்கி இறங்க வேண்டியிருக்கிறது.

இலவம், தென்னை, முந்திரி, எலுமிச்சை, முருங்கை ஆகியவைதான் இங்கே பிழைப்பு. சொந்தக் காடு இல்லாதவர்களுக்குக் கூலி வேலை. அதுவும் இல்லாத நாளில் கேரளத்து ஏலத்தோட்டம். கணவனும் மனைவியும் தோட்டத்துக்குப் போய்ப் பல வாரம் தங்கிவிட, பிள்ளைகள் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ வளருகிற வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு யார் போவது என்பதே ஒரு கேள்வி. கோடை விடுமுறையில்தான் இலவங்காய் பறிப்பும் நடக்கும். கையில் நான்கு காசு பார்த்த பையனை ஜூன் மாதம் மறுபடி வகுப்பறையில் உட்காரவைப்பது லேசான காரியமல்ல என்பது இப்பகுதி ஆசிரியர்களுக்குத் தெரியும்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். அதன் விதிகளின்படி ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். மலைப்பாதையும் காட்டாறும் குறுக்கிடும் இடங்களில் இந்தத் தூரத்தைக் குறைத்துக்கொள்ளவும் மத்திய அரசின் மாதிரி விதிகள் இடம் தருகின்றன. பள்ளி வசதி இல்லாத குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு வாகன வசதியோ வழித்துணையோ ஏற்பாடு செய்ய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நிதி உண்டு. இதைக் கேட்டு வாங்கும் இடம் வட்டார வள மையம். மலைக் கிராமத்துப் பெற்றோர் தனித்தனியாகப் போய் நிற்பதைவிட, ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக மே மாதத்துக்குள் பட்டியலாகக் கொடுத்தால் வேலை நடக்கும்.

பிள்ளைக்கு என்ன மாறுகிறது

தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயர் மட்டுமல்ல, குடும்பமும் தெரியும். ஒரே ஆசிரியர் எல்லாப் பாடத்தையும் நடத்துவார். சிறிய ஊர்களில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். ஆறாம் வகுப்பில் மணி அடிக்க அடிக்க ஆசிரியர் மாறுகிறார். தமிழுக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர், கணக்குக்கு, அறிவியலுக்கு, சமூக அறிவியலுக்கு என்று ஆளுக்கொரு நோட்டு, ஆளுக்கொரு வீட்டுப்பாடம். நேற்றுவரை பள்ளியிலேயே மூத்த பிள்ளையாக இருந்தவர், இன்று மீசை முளைத்த பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்கள் நடமாடும் வளாகத்தில் ஆகச் சிறியவர்.

இந்தத் தடுமாற்றம் எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஜப்பானில் நடுநிலைப் பள்ளியின் முதலாண்டில் பள்ளிக்கு வராமல் நின்றுபோகும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடுவதைப் பார்த்து, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை முன்கூட்டியே பெரிய பள்ளிக்கு அழைத்துச் சென்று காட்டும் வழக்கம் வந்திருக்கிறது. இலங்கையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்ற ஒன்று பத்து வயதுப் பிள்ளையின் தலைமேல் வந்து உட்காருகிறது. பேர்பெற்ற பாடசாலைகளில் இடம் கிடைப்பதை அதன் புள்ளிகளே முடிவு செய்கின்றன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. இது பெரிய நிம்மதி. ஆனால், தேர்வு இல்லை என்பதாலேயே ஆயத்தமும் வேண்டாம் என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். ஜப்பானியர் செய்வதை மயிலாடும்பாறையிலும் செய்யலாம், காசு செலவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிப்போய் வகுப்பறை எது, கழிப்பறை எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, சத்துணவுக் கூடம் எங்கே என்று காட்டினால் போதும். முதல் வாரத்தில் பிள்ளைகள் அழுவது பெரும்பாலும் பாடத்துக்காக அல்ல. கழிப்பறை எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு மாலை வரை அடக்கிக்கொண்டிருப்பதும் ஒரு காரணம்.

பாடத்தைப் பொறுத்தவரை, 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' முறை இருக்கிறது. 2022 ஜூனில் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிப் பின்னர் ஐந்தாம் வகுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. ஆட்டம், பாட்டு, அட்டை, பயிற்சி நூல் என்று செயல்வழியாகப் படித்த பிள்ளை ஆறில் பாடப் புத்தகத்தோடு நேருக்கு நேர் உட்காருகிறது. முதல் பருவக் கணக்கிலேயே இயற்கணித அறிமுகமும், விகிதமும் விகித சமமும் வந்துவிடும். சமூக அறிவியல், வரலாறு என்றால் என்ன என்று தொடங்கிச் சிந்துவெளிக்குப் போகும். அறிவியலில் அளவீடுகள், விசையும் இயக்கமும். இவை எதுவும் பத்து வயதுக்கு மீறியவை அல்ல. வாசிக்கத் தெரியாவிட்டால்தான் எல்லாமே மலையாக நிற்கும்.

அதனால் விடுமுறையில் ஆறாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டி நடத்தும் டியூஷன் தேவையில்லை. ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியைத் திக்காமல் வாசித்து, வாசித்ததைச் சொந்த வார்த்தையில் சொல்ல வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடன் வாங்கிக் கழிக்கவும், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கவும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயால் இதையெல்லாம் எப்படிச் சோதிக்க முடியும் என்று கேட்கலாம். முடியும். அடுப்படியில் வேலை செய்துகொண்டே தினமும் பத்து வரி சத்தமாக வாசிக்கச் சொன்னால், எங்கே தடுக்குகிறது என்பது காதுக்குத் தெரிந்துவிடும். இத்தனை கிலோ இலவங்காய் உடைத்தால் இத்தனை கிலோ பஞ்சு தேறும் என்று தகப்பன் மனக்கணக்காகச் சொல்வாரே, அதுதான் பாடப் புத்தகத்தில் வரும் விகிதம். அந்தக் கணக்கைப் பிள்ளையிடம் விட்டுச் சொல்லச் சொன்னால் கணக்குப் பயம் பாதி போய்விடும்.

வாசிப்பு மிகவும் பின்தங்கியிருந்தால் மறைக்கக் கூடாது. சேர்க்கையின்போதே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். 6 முதல் 9ஆம் வகுப்பு வரை அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் குறைந்த பிள்ளைகளுக்காக 2025–26 கல்வியாண்டில் 'திறன்' என்ற தனிப் பயிற்சியை அரசு தொடங்கியது. 'மக்கு' என்று ஒரு முறை பெயர் விழுந்த பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போய், அங்கிருந்து அப்படியே பள்ளியை விட்டுப் போய்விடுவது காலம்காலமாக நடக்கிறது. அதைத் தடுக்க முதல் மாதமே சரியான நேரம்.

காலைச் சாப்பாடும் பேருந்தும்

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக வந்தது. பொங்கலோ உப்புமாவோ கிச்சடியோ பள்ளியிலேயே சுடச்சுடக் கிடைத்துப் பழகிய வயிறு, ஆறாம் வகுப்பின் முதல் நாள் காலை வெறுமையாக நிற்கும். மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு; காலைக்கு வீடுதான் பொறுப்பு. அதே நாளில்தான் பிள்ளை முன்பைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டியும் வருகிறது. தாய் விடியுமுன்னே வேலைக்குப் போகும் வீட்டில் இந்த இரண்டும் சேர்ந்து தாக்கும். காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைக்கு நோயே இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆகவே மே மாதத்தின் கடைசி இரண்டு வாரம் ஒத்திகைக்கு உரியது. பள்ளி நாளில் எழ வேண்டிய நேரத்துக்கே எழுந்து, குளித்து, சாப்பிட்டுப் பழக வேண்டும். பழைய சோறும் ஒரு வெங்காயமும் ஆனாலும் சரி, கேப்பைக் கூழ் ஆனாலும் சரி, சாப்பிடாமல் வாசல் தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாக வேண்டும். பெற்றோர் இருவரும் அதிகாலையில் போய்விடுகிற வீட்டில் பிள்ளையே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டு, டிபன் பாத்திரம் கழுவி, கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கும் வரை பழக்க வேண்டும். ஆண்பிள்ளைக்கும் இது பொருந்தும்.

அரசுப் பேருந்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவசப் பயணம் உண்டு. புதிய பயண அட்டை வரத் தாமதமாகும். அதுவரை சீருடையோடு வரும் மாணவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் அரசு அறிவிப்பது வழக்கம். இதைப் பிள்ளைக்கும் சொல்லிவைக்க வேண்டும். நடத்துநர் கேட்டால் மிரளாமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும். பள்ளி திறக்குமுன் ஒரு முறை அதே பேருந்தில் போய்வந்து, எந்த நிறுத்தம், படியில் நின்று தொங்கக் கூடாது, மாலையில் பேருந்தைத் தவறவிட்டால் எந்தக் கடையில் போய் நிற்க வேண்டும், யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் பேசி முடித்துவிட வேண்டும். பெற்றோரின் போன் எண்ணைப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஒரே பேருந்தை நம்பியிருக்கும் கிராமமானால், அதன் நேரம் பள்ளி மணியோடு பொருந்துகிறதா என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு கவனித்து, போக்குவரத்துக் கழகக் கிளையில் மே மாதமே மனு கொடுப்பது நல்லது.

தூரம் கூடுதலாக இருந்தால் அரசு விடுதி இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறைகள் நடத்தும் இந்த விடுதிகளுக்கு 2025 முதல் 'சமூக நீதி விடுதி' என்று பெயர். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் சேர வீட்டுக்கும் பள்ளிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான். பெண்பிள்ளைகளுக்குத் தூரக் கணக்கில்லை. ஏலத்தோட்டத்துக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளையைத் தோட்டத்து லயத்துக்குக் கூட்டிப்போவதைவிட விடுதியில் விடுவது எவ்வளவோ மேல்.

எந்தப் பள்ளி

ஆறாம் வகுப்பில்தான் நிறையப் பெற்றோர் பள்ளி மாற்றுகிறார்கள். வேன் வருகிறது, டை கட்டுகிறார்கள், ஆங்கில வழி என்று கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்ப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். 2020-இல் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டத்தின்படி மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள் ஒதுக்கீடு. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. இதைப் பெற 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆண்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டுக்கும் 6ஆம் வகுப்பு முதல் எங்கே படித்தார் என்ற பதிவேதான் ஆதாரம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். அரசுப் பள்ளி வேறு, அரசு உதவி பெறும் பள்ளி வேறு. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய்த் திட்டங்கள் பொருந்தும், 7.5 சதவீத ஒதுக்கீடு பொருந்தாது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் மட்டும் இயங்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அரசுப் பள்ளிகளே; அங்கே படித்தவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு இதைத் தெரிந்துகொண்டு கலங்குவதில் பயனில்லை. பத்து வயதில் எடுக்கும் முடிவு பதினெட்டு வயதில் வந்து கேள்வி கேட்கும்.

ஆங்கில வழி, தமிழ் வழி பற்றியும் இதே நிதானம் வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் 2012–13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் உண்டு. ஐந்து வரை தமிழில் படித்துத் தமிழிலேயே வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை ஆறில் திடீரென ஆங்கில வழிக்கு மாற்றினால் அறிவியலும் கணக்கும் சேர்ந்து போய்விடும். தமிழில் சரளமாக வாசிக்கும் பிள்ளையால் மாற்றத்தைத் தாங்க முடியும்; அப்போதும் பிள்ளையைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

காகிதங்கள்

மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம். இவற்றில் முதலாவதைப் பள்ளி தரும். மற்றவற்றுக்கு அலைய வேண்டும். சாதி, வருமானச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக ஆண்டிபட்டி வட்டாட்சியர் அலுவலகம் போய் வரும். வருசநாட்டு மலையில் வாழும் பளியர் பிள்ளைகளுக்கு நிலைமை கடினம். பழங்குடியினர் சான்றை வழங்குபவர் கோட்டாட்சியர், விசாரணை நாள்பிடிக்கும். நான்காம் வகுப்பிலேயே மனு போட்டுவிடுவது நல்லது.

இந்தக் காகிதங்களில் ஒரே பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் முத்துலட்சுமி, இன்னொன்றில் முத்துலெட்சுமி. ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால். பிறந்த தேதியில் ஒரு மாத வித்தியாசம். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் உதவித்தொகை வங்கியில் ஏறாமல் திரும்பிப்போவதும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தவறு நிலைத்துப்போவதும் இதனால்தான். ஐந்து வயதுக்குப் பின் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்கப்பட்டதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

சான்று ஏதும் கைவசம் இல்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் உட்காரவைக்கத் தேவையே இல்லை. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. சேர்த்துக்கொள்ளத் தயங்கினால் 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணில் கேட்கலாம்.

பெண்பிள்ளைகள்

ஆறிலிருந்து எட்டுக்குள் பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிடுகிறது. பள்ளியில் வைத்து முதன்முதலாக நேர்ந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் பயந்து நடுங்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். தாய், அத்தை, அக்கா யாராவது ஒருவர் ஜூனுக்கு முன்பே உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். பையில் ஒரு நாப்கினும் ஒரு மாற்று உள்ளாடையும் எப்போதும் இருக்கட்டும். 'புதுயுகம்' திட்டத்தில் பள்ளியிலேயே நாப்கின் இலவசமாகக் கிடைக்கும். கேட்பதில் வெட்கமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சடங்கு வைப்பது குடும்பத்தின் விருப்பம். அதற்காக வாரக் கணக்கில் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பதும், சடங்கு முடிந்ததும் 'இனி தூரத்துப் பள்ளிக்கு வேண்டாம்' என்று நிறுத்துவதும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். பதினெட்டுக்கு முன் கல்யாணப் பேச்சு எடுப்பது குற்றமாகும் பாதை; 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம்.

பேருந்திலோ பள்ளியிலோ யாராவது தொந்தரவு செய்தால் வீட்டில் சொல்லும் துணிச்சல் ஆண், பெண் இருவருக்கும் வேண்டும். சொன்னவுடன் 'நீ ஏன் அங்கே போனாய்' என்று திட்டினால் அடுத்த முறை பிள்ளை சொல்லாது. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி உண்டு, எழுதிப் போடலாம்.

ஒன்பதாம் வகுப்பு

நடுநிலைப் பள்ளியில் எட்டு வரை படித்த பிள்ளைக்கு இதே ஆயத்தம் மூன்றாண்டு தள்ளி வருகிறது, சற்றுக் கூடுதல் கனத்தோடு. எட்டு வரைதான் எல்லோருக்கும் தேர்ச்சி. ஒன்பதில் நிறுத்திவைக்க முடியும். இலவசச் சீருடை எட்டோடு முடிகிறது. தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் படித்தவர்களுக்குக் கட்டணமில்லாப் படிப்பும் எட்டோடு நின்று, ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணச் சீட்டு வரும்; அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். கூலிக் குடும்பத்துக்கு இது சாதாரணத் தொகை அல்ல. தேர்வுக்கு ஆசிரியரே விண்ணப்பிப்பார். வருமானச் சான்றைத் தயாராக வைத்திருப்பது பெற்றோர் வேலை. பதினான்கு வயதுப் பையனுக்குத் தோட்ட வேலையில் கூலி கிடைக்கத் தொடங்கும் பருவமும் இதுதான். வீட்டில் கடன் இருக்கும்போது படிப்பை நிறுத்துவது பற்றிய பேச்சு வரும். அந்தப் பேச்சைப் பெற்றோர் தனியாக முடித்துவிடாமல் ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், விடுதி, உதவித்தொகை என்று ஏதாவது ஒரு வழி திறக்கும்.

ஐந்தாம் வகுப்பையோ எட்டாம் வகுப்பையோ முடித்து வெளியேறும் பிள்ளையின் பெயர், கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. அடுத்த பள்ளி சேர்த்துக்கொண்டதும் அங்கிருந்து எடுக்கப்படுகிறது. ஜூன் கடைசியில் அந்தத் தொகுப்பில் ஒரு பெயர் மிச்சமிருந்தால், அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை என்று பொருள். தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்கள் தங்கள் பிள்ளைகளின் பெயர்களை அந்த வாரம் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். பெயர் மிச்சமிருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவினர் இருவரோடு அந்த வீட்டுக்கு ஜூலை முதல் வாரத்துக்குள் நேரில் போக வேண்டும். வீடு பூட்டிக் கிடந்தால், குடும்பம் எந்த ஏலத்தோட்டத்தில் இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டு, போனில் பேச வேண்டும்.